நாலு மூலையும் கறுப்பு

என் மருமகள் முதன்முதலில் தன் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றை என்னிடம் நீட்டியபோது, இவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் தபால் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் வந்து குவியும் உறைகளைப் பிரித்து, நம்பர் போட்டு, எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவது என் வேலை. பிரிப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இடமாற்றம் கேட்பவர்கள் நல்ல உறையாக வாங்குவார்கள். பக்கத்து வீட்டு மதிலைப் பற்றிப் புகார் எழுதுபவர்கள் பசையை அள்ளிப் பூசியிருப்பார்கள். மொட்டைக் கடிதாசி எழுதுபவர்கள் முகவரியைப் பள்ளிப் பிள்ளை மாதிரி அச்சு எழுத்தில் எழுதுவார்கள். ஒன்றும் கேட்காமல் வந்த ஒரு தபாலை என் சர்வீஸில் நான் பிரித்ததே இல்லை. ஓணத்துக்கு வாழ்த்து அனுப்பியவர்கூட, விடுமுறை முடிந்த மறுவாரம் ஒரு ஃபைலைப் பற்றி விசாரிக்க வந்து நிற்பார்.

அந்த முதல் அட்டை விஷுவுக்கு வந்தது. கல்யாணம் முடிந்து வந்த முதல் விஷு. பழைய கசவு முண்டின் சரிகைக் கரையை வெட்டி ஒட்டிக் குத்துவிளக்கு செய்திருந்தாள். கொன்றைப் பூவைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து அதைச் சுடராக வைத்திருந்தாள். அட்டை கெட்டியாக, தடவினால் சொரசொரப்பாக, பசுவின் பால் நிறத்தில் இருந்தது. உள்ளே மலையாளத்தில் இரண்டே வரி. நான் நன்றி சொல்லி வாங்கி, அவள் போனபிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஒரு நாள் முழுக்க இருந்திருப்பா. எதுக்கு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. வருகிறவர்கள் எல்லோரையும் நல்லவர்களாகவே நினைத்து வியாபாரம் செய்கிறவர். "ஒனக்குப் பிரியப்பட்டு செஞ்சு தந்திருக்கா. ஒனக்கு யாரு என்ன தந்தாலும் சந்தேகமாக்கும்" என்றார்.

அவள் கொட்டாரக்கரை மலையாளிப் பெண். மகனோடு ஒரே கம்பெனியில் வேலை. அம்மா அவள் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். இருவரும் கழக்கூட்டத்தில் வாடகைக்கு ஃபிளாட் எடுத்து இருக்கிறார்கள். நாங்கள் அதே ஊரின் மறுகோடியில், கரமனையில். என் மகன் அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவள் வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அது ஆபீஸ் பாஷை; வீட்டுக்குள் நாக்கு தமிழுக்குத்தான் திரும்பும். அவளுக்கோ எங்கள் நாஞ்சில்நாட்டுத் தமிழ் பாதி புரியும், பாதி புரியாது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். போகும்போது பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தருவாள். அவள் பேச்சு அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஒன்று, என் பிறந்தநாளுக்கு ஒன்று, எங்கள் கல்யாண நாளுக்கு ஒன்று, எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதற்கு ஒன்று. அந்தக் கடைசி அட்டையில் துணியில் செய்த சின்ன மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதைத் தூக்கினால் உள்ளே ஒரு கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே என் மேலேயே சந்தேகம் வந்தது. கடையில் வாங்கிய அட்டை என்றால் டி.வி. மேல் வைத்துவிட்டு மறந்துபோகலாம். இதை அப்படி விட முடியவில்லை. மதியம் எல்லா வேலையும் முடிந்து வீடு அடங்கினபிறகு, அலமாரியில் இருந்து அந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். இந்த நூலை எப்படிக் கோத்தாள், இந்த மடிப்பு எப்படி நிற்கிறது என்று ஆராய்வேன். ஒருத்தி நமக்காக உட்கார்ந்து கத்தரியும் பசையுமாக நேரம் செலவழித்திருக்கிறாள் என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்தைத்தான் நான் நம்பவில்லை.

என் பயம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மகன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிழவனும் கிழவியும் காவலுக்கு ஒரு கேமராவுமாக இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் கானடாவிலும் அயர்லாந்திலும். இவளும் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பத்தான் போகிறாள், அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்குவப்படுத்துகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒவ்வொரு அட்டையையும் பிரிக்கும்போது இதில்தான் சொல்லப் போகிறாள் என்று இருக்கும். படித்தபின் நிம்மதி. அடுத்த அட்டை வரும்வரை தாங்கும்.

ஒருநாள் அவள் அட்டையைக் கையில் தந்தபோது சும்மா கேலியாக, "தபால்ல வந்தாத்தான் அது தபால். கையில தந்தா வெறும் பேப்பராக்கும்" என்றேன். செக்‌ஷன்காரி பேச்சு. வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டு, "அதுவும் தமிழ்ல வரணும். நம்ம வீட்டுல தமிழ் எழுதுகது என்னோட முடிஞ்சுது" என்றார். என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

கார்த்திகை பிறந்ததும் வீட்டுக்காரர் மாலை போட்டார். அது அவருக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருடம் போகிறவர்கள் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துகொண்டு போய்ச் சன்னிதானத்தில் வைப்பது வழக்கம். கன்றை முந்தின வருடமே நெய்யாற்றின்கரையில் சொல்லி வைத்து வாங்கி, கிணற்றடியில் வளர்த்தார். அவர் குடும்பத்தில் யாரும் பதினெட்டு கண்டதில்லை. யாராவது சொந்தக்காரர் சாவதும், மாலையைக் கழற்றுவதும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுமாகவே போயிற்று. மாலை போட்டிருக்கிறபோது சாவுத் தீட்டு வந்தால் கழற்றத்தான் வேண்டும். இந்தத் தடவை ஒருத்தரும் சாகாமல் இருக்க வேண்டுமே என்று அவருக்கு ஒரே நினைப்பு. ஃபோன் அடித்தால் முகம் வெளிறிவிடும்.

இருமுடி கட்ட வேண்டியது செவ்வாய்க்கிழமை. முந்தின வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்து வாசல் சிட்-அவுட்டில் போட்டுப் போனார். வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். உறை கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் சரக் சரக்கென்று வேறு மாதிரி கிழிகிற சத்தம். வெளியே வந்து பார்த்தால், உறையோடு சேர்த்து எதையோ துண்டு துண்டாகக் கிழித்துக் கையில் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். பலாமரத்தடியில் குவித்து வைத்திருந்த சருகுக்குள் அதைத் திணித்தார். அப்படியே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்.

"என்ன சாமி அது?" என்று கேட்டேன். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஒண்ணும் கேக்காத. தமிழ்ல பேரு எழுதி வந்திருக்கு. பாதி வெளிய இழுத்தேன். மூலையில கறுப்பு. நடுவுல கறுப்பு வெள்ளையில படம். நம்ம ஊருப் பக்கம் யாரோ போயாச்சு."

"யாருன்னு பாக்கலையா?"

"கண்ண மூடிட்டேன். மூஞ்சி தெரிஞ்சா ஆளு தெரிஞ்சுரும்லா. தெரிஞ்சாத்தான் தீட்டு. மலைக்குப் போய்ட்டு வந்து யாருன்னு கேட்டுக்கலாம்."

வெளியாளுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு இல்லை. நல்ல செய்தி சொல்லும் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். சாவுச் செய்திக்கு மூலையில் கறுப்பு. கறுப்பு வந்ததைப் படித்ததும் கிழித்து வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. தீட்டு என்பது செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து கணக்கு. விழாவிட்டால் தீட்டு இல்லை. அவர் செய்ததில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஒரே ஒரு வருத்தம், ஒரு தபால் வாசலில் வந்து அதை நான் பிரிக்காமல் போனது. அது என்னை அரித்தது.

யார் போயிருப்பார்கள்? சுசீந்திரத்தில் அவருடைய சித்தி இருக்கிறாள். வள்ளியூரில் என் பெரியம்மா மகனுக்குச் சர்க்கரை. இந்தக் காலத்தில் சாவுக்கு யார் கார்டு போடுகிறார்கள்? பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அடித்ததாக இருக்கும். அப்படியென்றால் ஆள் போய் நாளாகிவிட்டது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒன்றும் வரவில்லையே, எங்களை விட்டுவிட்டுத் தனியாக ஒரு குரூப் தொடங்கிவிட்டார்களா என்று யோசனை போயிற்று. அதைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கே என் ஃபோனை வாங்கி நெட்டை அணைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மகன் கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம்.

"அம்மா, ஒரு விசயம் பேசணும்."

கானடா, என்று நினைத்தேன். "ஒண்ணும் பேசாண்டாம் மக்ளே. நல்லதோ கெட்டதோ, அப்பா மலைக்குப் போய்ட்டு வரட்டு. அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு விசேஷமும் கேக்கமாட்டோம்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டான். அவன் அப்பாவைப் போல. ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கமாட்டான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கானடாவை நாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன் அல்லவா.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலில் இருமுடிக் கட்டு நிறைத்து, தென்னங்கன்றோடு அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஃபோனை எடுத்தேன். முதலில் சுசீந்திரம்.

"சித்தி, சொகமா இருக்கியளா?"

"நான் இருக்கேன். வேற யாராம் போயாச்சா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்கப்பட்ட ஆளில்லையே" என்றாள் சித்தி. சொந்தத்தில் என்னைப் பற்றி அப்படி ஒரு பேர்.

வள்ளியூர், திருநெல்வேலி, கோட்டாறு என்று ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். நான் ஏன் கூப்பிட்டேன் என்று ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியம்மா மகன் பதிலுக்கு என்னைக் கூப்பிட்டு, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றான். அப்படியானால் அந்தப் படத்தில் இருந்தது யார்? கொல்லைக்குப் போனேன்.

வியாழக்கிழமை ராத்திரி மழை பெய்ததால் சருகு எரிக்கப்படாமல் ஊறிக் கிடந்தது. கையை விட்டுத் துழாவினேன். முதல் துண்டு விரலில் பட்டதுமே துழாவுவதை நிறுத்தினேன். கெட்டியான, சொரசொரப்பான அட்டை. பசுவின் பால் நிறம். இந்த அட்டையை எனக்குத் தெரியும். மதியம் மதியம் தடவிப் பார்த்த விரல் அல்லவா.

எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மழையில் நனைந்த தபாலும் எலி கடித்த தபாலும் செக்‌ஷனுக்கு வரும். ஓரங்களை முதலில் சேர்த்து வைத்தால் நடுப்பகுதி தானே வந்து உட்காரும். அப்படிச் சேர்த்தேன். மூலைகளில் இருந்த அந்தக் கறுப்பு, மை அல்ல. பழைய ஆல்பங்களில் படத்தைச் செருகி வைக்க ஒட்டுவார்களே, முக்கோணமாகச் சின்னக் காகித உறை, அதுதான். நாலு மூலைகளுக்கும் நடுவில் பளபளப்பான தாளில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம். புகை மாதிரி இருந்தது. அந்தப் புகைக்கு நடுவில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் என் மருமகளின் பெயர். ஸ்கேன் படம்.

உள்பக்கத்தைச் சேர்த்தேன். தமிழில் எழுதியிருந்தாள். அந்த எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, மெனக்கெட்டு வரைந்தது போல இருந்தது.

'அம்மா, அப்பா, முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். திங்கள்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மா என்கூட வருவீர்களா?'

திங்கள்கிழமை நேற்று.

துண்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். கரமனையிலிருந்து கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவள்தான் கதவைத் திறந்தாள். மகன் ஆபீஸில். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "வாங்க அம்மா" என்று வழிவிட்டாள். நான் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, மாலை, பதினெட்டாம் மலை, கறுப்பு மூலை, தீட்டு என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். மாலையும் தீட்டும் அவளுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். மூலைக் கறுப்பு தெரியாது.

"அது ஆல்பத்துல ஒட்டுறதாணு. கடையில கறுப்பு மட்டும்தான் இருந்துது" என்றாள்.

"நீ ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே மக்ளே. நான் என்னவோ கானடா போகப்போற விசயமாக்கும்னு நெனச்சேன்."

"கானடாவா? ஆரு சொன்னது? எனக்கு ஆபீஸ் ஏ.சி.யே ஒத்துக்காது அம்மா." துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். "சனியாழ்ச்ச நீங்க ஒரு விசேஷமும் கேக்கமாட்டோம்னு சொன்னீங்கல்லே. கார்டு பாத்துட்டுச் சொன்னதுன்னு நெனச்சேன்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அப்பவும் அம்மா வரும்னு ஒரு நெனப்பு" என்றாள். "அதனால அவரை லீவு போடண்டான்னு சொன்னேன். டோக்கன் விளிச்சப்ப பின்னால இருந்தவங்கள முதல்ல போகச் சொன்னேன். அப்புறமும் ஒரு ஆளப் போகச் சொன்னேன். கடைசியில நான் மட்டும் இருந்தேன். கூட ஆரும் வரலையான்னு நர்ஸ் கேட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி எல்லாத் தடவையும் நான் வருகிறேன் என்றேன். தலையாட்டினாள். ஸ்கேன் படத்தின் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, தண்ணீரைத் துடைத்து, மேசை டிராயரில் வைத்தாள். மீதியைக் குப்பைக்கூடையில் போட்டாள். என்னால் தடுக்க முடியவில்லை. பிறகு சாயா போட்டுக் கொண்டுவந்து தந்தாள். "இனி என்னன்னாலும் ஃபோன்லயே சொல்றேன் அம்மா. அதாணு நல்லது" என்றாள்.

வீட்டுக்காரர் மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றினபிறகுதான் சொன்னேன். பிரசாதப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "யாரோட மூஞ்சின்னு தெரிஞ்சுரக் கூடாதேன்னு கண்ண மூடிட்டேனே" என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் அரவணைப் பாயசத்தை எடுத்துக்கொண்டு நேரே கழக்கூட்டம் போனார்.

சொன்னபடி எல்லாச் செக்கப்புக்கும் நான் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினோம். அவள் பேச்சில் இப்போது எங்கள் ஊர்த் தமிழ் தாராளமாக வருகிறது. என்னைச் சரியாகக் கிண்டலும் செய்வாள். பெண் குழந்தை பிறந்தது. லேபர் ரூமுக்குள் போகும்போது அவள் பிடித்திருந்தது என் கையைத்தான். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அட்டை வரவில்லை. என் பிறந்தநாளுக்கு ஃபோன் வந்தது. ஓணத்துக்கு வீடியோ காலில் குழந்தையைக் காட்டினாள். இந்த விஷுவுக்கு ஒரு அட்டை தந்தாள், கடையில் வாங்கியது. அச்சடித்த கொன்றைப் பூ, மேலே ஜிகினா, உள்ளே அச்சடித்த வாழ்த்து. கீழே அவள் கையெழுத்து, குழந்தையின் கட்டைவிரல் மைப்பதிவு. அழகாகத்தான் இருந்தது. டி.வி. மேல் வைத்தேன்.

உனக்குத்தான் வேண்டுமென்றிருக்கிறதே, ஒன்று செய்து தரச் சொல்லிக் கேளேன் என்கிறார் வீட்டுக்காரர். கேட்டால் அன்றைக்கே குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து செய்து தருவாள், எனக்குத் தெரியும். அதனால்தான் நான் கேட்கவில்லை.